யார் சொன்னது? மக்தபில் சாட்பாட் வைத்துப் பார்த்த பத்து வாரம்

எங்கள் மக்தபில், அதாவது பிள்ளைகளுக்கான மார்க்க வகுப்பில், நாங்கள் சாட்பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். இஸ்லாத்தின் ஐந்து தூண்களைப் பற்றி எழுதி வரச் சொன்ன வீட்டுப்பாடத்தில் நான்கு நோட்டுகளில் ஒரே வாக்கியங்கள், அதுவும் ஜகாத் (கடமையான தானம்) என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் "அறக்கொடை" என்று இருந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லே கிடையாது. உஸ்தாத் (ஆசிரியர்) நோட்டைத் தூக்கிக் காட்டி "இது யார் சொன்னது?" என்று கேட்டார். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே "போன்" என்றான்.

சரி, எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள், நம் கண்முன்னே கேட்கட்டும் என்றுதான் இதை ஆரம்பித்தோம். நான் மார்க்கம் கற்ற ஆலிம் அல்ல. மக்தபில் பாடத்திட்டம், வருகைப் பதிவு, கணினி வேலை பார்க்கிறவன். பாடம் நடத்துவது ஒரு உஸ்தாத்தும் ஒரு ஆலிமாவும் (மார்க்கம் கற்ற பெண்). பிள்ளைகள் 19 பேர், 8 வயதிலிருந்து 12 வரை, அதில் மூன்று பேர் ஹிஃப்ளும், அதாவது குர்ஆன் மனப்பாடமும், செய்கிறார்கள். வாரம் இரண்டு வகுப்பு. எந்த சாட்பாட் என்று பெயர் சொல்லப்போவதில்லை, பொதுவாக எல்லாரும் பயன்படுத்துகிற ஒன்றுதான். இங்கே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த வகை மென்பொருள் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் பெயர் முக்கியமில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்தோம். எந்தப் பிள்ளைக்கும் தனிக் கணக்கு கிடையாது. இந்தச் சேவைகள் பலவற்றின் விதியிலேயே 13 வயதுக்குக் கீழே கணக்கு வைக்கக் கூடாது என்று இருக்கிறது, யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் வகுப்பறைக்கு அதே 13 வயதைத்தான் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. ஆகவே கணக்கு என்னுடையது, மடிக்கணினி என்னுடையது, திரை சுவரில். கேள்விக்காக ஒதுக்கிய கடைசி இருபது நிமிடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தட்டச்சு செய்வார்கள், பதிலை எல்லாரும் பார்ப்பார்கள்.

ஒளுவின் ஏழாவது ஃபர்ளு

முதல் வாரம் எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து "ஒளுவின் ஃபர்ளு எத்தனை", அதாவது தொழுகைக்கு முன் சுத்தம் செய்வதில் கட்டாயமானவை எத்தனை, என்று கேட்டாள். நான்கு என்றது. குர்ஆனில் மாயிதா சூராவின் (அத்தியாயம்) 6வது ஆயத்தையும் (வசனம்) சொன்னது: முகம் கழுவுவது, முழங்கை வரை கை கழுவுவது, தலைக்கு மஸ்ஹு செய்வது (ஈரக் கையால் தடவுவது), கால் கழுவுவது. ஹனஃபி மத்ஹபின்படி (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழிமுறை) அது சரியான பதில். ஆனால் எங்கள் புத்தகம் ஷாஃபிஈ, அதில் ஆறு. நிய்யத்தும் (மனதில் எண்ணுவது) வரிசைப்படி செய்வதும் சேரும். பிள்ளை விடவில்லை, "எங்க உஸ்தாத் 6னு சொன்னாங்க" என்று அடித்தாள். உடனே அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு "நீங்கள் சொல்வது சரி, ஆறு" என்றது. மத்ஹப் வேறுபாடு என்று ஒரு வார்த்தை இல்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய பையன் ஒருவனுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. போய் "இல்லை, 7" என்று தட்டினான். மறுபடியும் மன்னிப்பு, மறுபடியும் "நீங்கள் சொல்வது சரி", வாய் கொப்பளிப்பதைச் சேர்த்து ஏழு ஃபர்ளும் வரிசையாக வந்துவிட்டன! மாலிகி மத்ஹபில் ஏழு என்றே கணக்கு உண்டு, தேய்த்துக் கழுவுவதும் இடைவெளி விடாமல் செய்வதும் அதில் சேரும். அதைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாய் கொப்பளிப்பது அந்த மத்ஹபிலும் சுன்னத்துதான், கட்டாயம் அல்ல. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை, "பிள்ளைகளுக்குப் பயப்படுகிற வாத்தியாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்றார்.

அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் ஏறக்குறைய சரி. இந்த மென்பொருள் அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்கிட்டுத்தான் எழுதுகிறது, அதன் மேல் கேட்பவருக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்லவும் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் வளைந்துவிடும். பெரியவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். சரியான பதில் எது என்றே இன்னும் தெரியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அப்படி இல்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து பாடப்புத்தகத்தின் அத்தியாயங்களை ஏற்றி, இதற்குள் இருந்து மட்டும் பதில் சொல், இதில் இல்லாவிட்டால் "எனக்குத் தெரியாது, உஸ்தாத்திடம் கேளுங்கள்" என்று சொல், பிள்ளை எதிர்த்தாலும் பதிலை மாற்றாதே என்று அறிவுறுத்தல் எழுதி வைத்தோம். பெரிய மாற்றம் தெரிந்தது. ஆனால் உரையாடல் நீண்டால் கொஞ்சம் கொஞ்சமாக அறிவுறுத்தலை விட்டு நழுவ ஆரம்பிக்கும், எனவே ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. "தெரியாது" என்று அது முதன்முதலாகச் சொன்ன அன்று உஸ்தாத் பாடத்தை நிறுத்திவிட்டு மாலிகி மத்ஹபின் இமாம் மாலிக்கின் கதையைச் சொன்னார். வெகு தூரத்திலிருந்து வந்தவர் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்க, பெரும்பாலானவற்றுக்கு "லா அத்ரி", எனக்குத் தெரியாது, என்று சொல்லி அனுப்பினாரே, அந்தக் கதை.

தமிழுக்குள் இருந்த இன்னொரு மொழி

"அறக்கொடை" எங்கிருந்து வந்தது என்பது மூன்றாவது வாரத்தில் புரிந்தது. ஒரு பையன் "தொழுகையை எப்படித் தொடங்க வேண்டும்" என்று கேட்டதற்கு, அமைதியான இடத்தில் அமர்ந்து, இரு கைகளையும் ஏந்தி, அல்லாஹ்வைப் புகழ்ந்து, ஸலவாத் (நபி மீதான வாழ்த்து) சொல்லி, உங்கள் தேவைகளைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. அது துஆ (இறைவனிடம் வேண்டுதல்) கேட்கும் முறை. ஆங்கிலத்தில் தொழுகைக்கும் துஆவுக்கும் ஒரே சொல்லைப் போட்டு எழுதுகிற வழக்கம் உண்டு, இது படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம், அதனால் தமிழில் பேசும்போதும் அடியில் அந்த ஒற்றைச் சொல்தான் ஓடுகிறது. வெளியே வரும்போது இரண்டுக்கும் "பிரார்த்தனை". ஜகாத்தும் ஸதகாவும் அதே மாதிரி ஒன்றாகிவிடும், கடமையானதும் விரும்பிக் கொடுப்பதும் ஒரே சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் பாடமே போச்சு.

சொற்பட்டியல் ஒன்று தயாரித்தோம், சுமார் அறுபது சொற்கள். தொழுகை, துஆ, நோன்பு, ஃபர்ளு, சுன்னத்து, மஸ்ஹு என்று எங்கள் புத்தகம் எழுதுகிற எழுத்துக்கூட்டலோடு. ரமலான், ரமளான், ரமழான் என்று தமிழில் மூன்று விதமாக எழுதுகிறோம், இதுவும் ஒரே பதிலுக்குள் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதி, இவை மூன்றும் வேறு வேறு மாதமா என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்க வைத்தது. இந்தப் பட்டியலை அறிவுறுத்தலில் சேர்த்த பிறகு தமிழ் ஓரளவுக்கு நம் வீட்டுத் தமிழ் மாதிரி ஆனது. சாட்பாட் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நினைப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்துவிடுங்கள்.

ஓதிக் காட்டியது

இந்த இடத்தில் எனக்கும் உஸ்தாத்துக்கும் சின்ன வாக்குவாதமே நடந்தது. குரலில் பேசும் வசதி இருக்கிறதே, ஓதுவதையும் கேட்டுத் திருத்துமா என்று பார்க்கலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார், ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சி வாங்கினேன்.

ஒன்பது வயதுப் பையன் இக்லாஸ் சூராவை ஓதினான். நாக்கின் வேர்ப்பகுதி மேலே பட்டு வர வேண்டிய காஃப் என்ற அரபி எழுத்து, அவன் வாயில் சாதாரண "க" ஆகவே வந்தது. கேட்க ஒரே மாதிரி இருக்கும், பொருள் ஒன்றல்ல. பெரிய காஃப் போட்டு "குல்" என்றால் சொல்வீராக. சின்ன காஃப் போட்டால் சாப்பிடுவீராக. திரையில் அரபி எழுத்தில் சூரா பிழையில்லாமல் வந்து நின்றது, கூடவே "மாஷா அல்லாஹ், மிக அழகாக ஓதினீர்கள்" என்ற பாராட்டும். அறையின் மறுகோடியில் வேறொரு பிள்ளைக்குக் காயிதா (அரபி எழுத்துப் பாடம்) சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உஸ்தாத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "காஃபைப் பார்" என்று குரல் கொடுத்தார்.

ஏன் இப்படி என்றால், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதில்லை, எதைச் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகமோ அதை எழுதுகிறது. இக்லாஸ் சூரா மாதிரி கோடிக்கணக்கானவர்கள் ஓதுகிற ஒன்றை முதல் இரண்டு சொல்லிலேயே அடையாளம் கண்டுவிடும், அதற்கப்புறம் பிள்ளை என்ன தப்பு விட்டாலும் திருத்தித்தான் எழுதும். பேச்சுக்கு அது நல்ல குணம், ஓதலுக்கு அதுவே கேடு. ஓதலுக்கென்றே உருவாக்கிய செயலிகள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. உஸ்தாத்தின் வாயைப் பார்த்து, அவர் நம் வாயைப் பார்த்து ஓதுகிற முறை அப்படியே இருக்கட்டும் என்று அன்றோடு முடிவாயிற்று. வாக்குவாதத்தில் தோற்றது நான்தான்.

ஹிஃப்ளு பிள்ளை பிடித்த பிழை

ஐந்தாவது வாரம் நடந்ததுதான் எனக்கு இந்த முயற்சி முழுவதிலும் பிடித்தது. குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்று வரும் ஆயத்தைப் பற்றிய பாடம், ஆலிமா நடத்தினார். பதிலில் வந்த அரபி வரியைப் பார்த்த பதினோரு வயது ஹிஃப்ளு பையன் "இது ரெண்டு சூரா" என்றான். யாருக்கும் புரியவில்லை. எழுந்து போய் முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதி) எடுத்து வந்து காட்டினான்.

அன்ஆம் சூராவின் 151வது ஆயத்தில் "மின் இம்லாக்", அதாவது வறுமையின் காரணமாக என்று வந்து, பிறகு "நஹ்னு நர்ஸுகுகும் வஇய்யாஹும்", உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம் என்று வரும். இஸ்ரா சூராவின் 31வது ஆயத்தில் "கஷ்யத இம்லாக்", வறுமைக்கு அஞ்சி என்று வந்து, "நஹ்னு நர்ஸுகுஹும் வஇய்யாகும்", அவர்களுக்கும் உங்களுக்கும் என்று வரும். சாட்பாட் ஒன்றின் தலையையும் மற்றொன்றின் வாலையும் ஒட்டியிருந்தது. ஹிஃப்ளு செய்கிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது, முத்தஷாபிஹ் (ஒன்றுபோல் இருக்கும் ஆயத்துகள்) என்று தனியாகக் குறித்து வைத்து மனப்பாடம் செய்வார்கள். (தமிழில் எழுதும்போது இரண்டு காஃபும் ஒரே "க" ஆகிவிடுகிறது பாருங்கள், மேலே சொன்ன கதைதான்.)

ஆலிமா அந்தப் பிழையை அப்படியே பாடமாக்கிவிட்டார். முதல் ஆயத்தில் வறுமை ஏற்கெனவே வந்துவிட்டது, பெற்றோர் தங்கள் வயிற்றுக்கே வழியில்லாமல் நிற்கிறார்கள், அதனால் "உங்களுக்கும்" முதலில். இரண்டாவதில் வறுமை இன்னும் வரவில்லை, பிள்ளை பிறந்தால் வந்துவிடுமோ என்ற பயம், அதனால் "அவர்களுக்கும்" முதலில். தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) செய்தவர்கள் சொன்ன விளக்கம் இது. ஒரு வார்த்தை இடம் மாறியதில் இவ்வளவு இருக்கிறதா என்று பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். புத்தகத்தைத் திறந்து இதே பாடத்தை நேராக நடத்தியிருந்தால் அந்தக் கவனம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அதிலிருந்துதான் வாரம் ஒரு முறை "தப்பைக் கண்டுபிடி" வகுப்பு வந்தது. சாட்பாட்டின் பதில்களை அச்செடுத்துக் கொடுப்போம், ஆளுக்கொரு சிவப்புப் பேனா. ஆயத் எண் சொல்லியிருந்தால் முஸ்ஹஃபில் போய்ப் பார்க்க வேண்டும், சட்டம் சொல்லியிருந்தால் புத்தகத்தில். முஸ்ஹஃபின் பின்பக்கத்தில் 114 சூராக்களுக்கும் அட்டவணை இருப்பதே அதுவரை பாதிப் பேருக்குத் தெரியாது. உஸ்தாத் இதற்கு ஹுஜுராத் சூராவின் 6வது ஆயத்தை எடுத்துக்கொண்டார், ஃபாஸிக் (பாவி) ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று வருமே. உடனே ஒருவன் "அப்ப சாட்பாட் ஃபாஸிக்கா உஸ்தாத்?" என்றான். "அதுக்கு அமலே (செயல்) கிடையாது, அப்புறம் ஃபாஸிக் எங்கிருந்து வரும்" என்று சிரித்துவிட்டு, "ஆனா செய்தி கொண்டு வருதுல்ல, பார்த்துக்கோ" என்றார்.

அதே வாரத்தில் ஒரு பிள்ளை ஸஹாபி (நபித்தோழர்) ஒருவரைக் குறிப்பிட்டு "நீ பிலால் ரலியல்லாஹு அன்ஹு மாதிரி பேசு" என்று தட்டிவிட்டது. "நான் பிலால். என் கதையைக் கேள்" என்று ஆரம்பித்தது, உணர்ச்சியாக, நன்றாகவே. உஸ்தாத் மடிக்கணினியை மூடிவிட்டார். என் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவன் நரகத்தில் தன் இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற ஹதீஸை (நபிமொழி) அவர் சொன்னபோது, அது நபியவர்களைப் பற்றியதுதானே, ஸஹாபிக்கும் பொருந்துமா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது உண்மை. பிறகு யோசித்தால், பிலால் (ரலி) சொல்லாத வார்த்தை ஒன்று அவர் சொன்னதாகப் பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால் அதை யார் வந்து பிரித்தெடுப்பது? வரலாற்றைச் சொல்லலாம், அவராகப் பேசக் கூடாது என்று அறிவுறுத்தலில் சேர்த்தோம்.

ஒரு கேள்வி

எங்கள் ஏற்பாட்டில் ஓட்டை ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்து பெற்றோர் வரும் வரை மடிக்கணினி திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் யாரோ தட்டிய கேள்வியை நான்கு நாள் கழித்துப் பதிவுகளை வாசிக்கும்போதுதான் பார்த்தேன்.

"எங்க உம்மா தொழ மாட்டாங்க. அவங்க நரகத்துக்குப் போவாங்களா"

பதில் ஆறு பத்தி. அல்லாஹ்வின் கருணை, தொழுகையின் முக்கியத்துவம், உம்மாவிடம் அன்பாகப் பேசுங்கள், அவர்களுக்காக துஆ செய்யுங்கள். புத்தகத்துக்குள் இருந்து மட்டும் பதில் சொல் என்பதை அங்கே அது மறந்திருந்தது. ஆனாலும் எதுவும் தப்பு என்று சொல்ல முடியாது. நேரத்தை வைத்துப் பார்த்து, கடைசியாக வீட்டுக்குப் போன பிள்ளை யார் என்று தெரிந்ததும் ஆலிமா அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். உம்மாவுக்கு முதுகில் சிகிச்சை நடந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார். தொழுகையை விடவே இல்லை. படுத்தபடி சைகையால் தொழுகிறார். அப்படித் தொழலாம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது, நின்று குனிந்து ஸுஜூது (நெற்றி தரையில் பட வணங்குவது) செய்தால்தான் தொழுகை என்று நினைத்துக்கொண்டு நான்கு நாள் அந்த ஆறு பத்தியையும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று நோயாளியான இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அந்த ஹதீஸ் சாட்பாட்டுக்குத் தெரியாததல்ல, பிறகு நான் கேட்டபோது சரியாகவே சொன்னது. ஆனால் ஆலிமா கேட்ட முதல் கேள்வியை அது கேட்கவில்லை: "ஏம்மா, உம்மாவுக்கு என்ன?"

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் மடிக்கணினி மூடப்படும், பதிவுகள் அன்றிரவே வாசிக்கப்படும். குடும்பம், மரணம், பாவம், பயம் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் ஆலிமாவிடம் அனுப்பு என்ற வரியும் சேர்ந்தது. சாட்பாட் வந்ததால் எனக்கு மிச்சமான நேரம் முழுவதும் இந்த வாசிப்பிலேயே போய்விடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எப்படி ஓடுகிறது

ஆறாவது வாரத்துக்குப் பிறகு வேலையைத் திருப்பிப் போட்டோம். பிள்ளைகள் கேட்டு அது பதில் சொல்வதற்குப் பதிலாக, அது கேள்வி கேட்கும், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். பாடத்திலிருந்து எட்டு வயதுக்கு ஏற்ற மாதிரி ஐந்து கேள்வி, பன்னிரண்டு வயதுக்கு ஏற்ற மாதிரி ஐந்து. ஆலிமா முந்தின நாளே பார்த்து இரண்டு மூன்றை அடித்துவிடுவார். இந்த வேலையில் அது நன்றாகவே உழைக்கிறது, சலிப்பில்லாமல் ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்கும். காபாவை இடிக்க வந்த யானைப் படையின் வரலாற்றைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எளிமையாக்குவது, பரீட்சைத்தாள் தயாரிப்பது எல்லாம் ஆசிரியர்களின் பக்கத்தில் நடக்கிறது.

பேசும்போது திக்குகிற பையன் ஒருவன் இருக்கிறான். ஓதும்போது திக்காது, கேள்வி கேட்க வாயைத் திறந்தால்தான். ஆரம்ப வாரங்களில் அதிகமாகத் தட்டச்சு செய்தவன் அவன்தான், ஒரே வகுப்பில் பதினொரு கேள்வி. இதை ஒரு வெற்றியாக எழுதலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்புறம் உஸ்தாத் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் துளை போட்டு, கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னார். அதிலும் அவன் சீட்டுகள்தான் அதிகம். அதற்கு சாட்பாட் தேவைப்படவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் வீட்டில் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். பக்கத்தில் உட்கார முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் வேண்டாம் என்றோம். எல்லாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போன வாரம் ஒரு பிள்ளை ஏழு வரி துஆ ஒன்றை அழகாக எழுதி, கீழே புகாரி என்று ஹதீஸ் எண்ணும் போட்டு எடுத்து வந்தது. உஸ்தாத் அலமாரியிலிருந்து புத்தகத்தை இறக்கி வைத்தார். பிள்ளைகளே தேடினார்கள். அந்த எண்ணில் ஹதீஸ் இருந்தது, வியாபாரத்தைப் பற்றியது. "அப்ப இந்த துஆ யார் சொன்னது?" என்று கேட்டது அந்தப் பிள்ளைதான். உஸ்தாத் தெரியாது என்று சொல்லிவிட்டு, சரி, தேடு என்று அடுத்த பாகத்தையும் எடுத்துக் கொடுத்தார்.